யார் கையும் படாத இரட்டைச் சிலிண்டர்

நெட்டிக்குடியில் தடுக்கி விழுந்தால் ஒரு முட்டாள் மேல்தான் விழவேண்டியிருக்கும் என்று அக்கரைக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்த அபாண்டம். எங்கள் ஊரில் முட்டாள்கள் மொத்தமே நான்கு பேர். பஞ்சநதம், அண்ணன் தம்பிகளான அம்மாக்கண்ணு, வைரக்கண்ணு, இவர்கள் மூன்று பேர். நாலாவது ஆள் வேதரத்தினம். அது நான்தான். நால்வரில் நான் கொஞ்சம் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற மூவரும் தங்களைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் ஓடியது. ஆனால் வாய்க்காலுக்கு இரண்டு ஆள் உயரம் கீழே ஓடியது. எங்கள் ஊர் முழுக்க வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். நாலு நாள் காய்ந்தால் இலை மஞ்சளாகும். எட்டு நாள் காய்ந்தால் கொடி செத்துப்போகும். முப்பது குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆகவே ஊர் கூடி, நீரேற்றுச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, மூடிப்போன ஒரு மில்லிலிருந்து நீராவி பம்பு ஒன்றை வாங்கி வந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "வேலை வெட்டி இல்லாதவங்க யாரு, கை தூக்குங்க" என்றார்கள். நாங்கள் நான்கு பேர் தூக்கினோம். பஞ்சநதம் இரண்டு கையையும் தூக்கியதால் அவர் தலைவரானார்.

பம்பைப் பூட்டிக் கொடுக்க நாகப்பட்டினத்திலிருந்து பிட்டர் லாசர் வந்தார். பொறுமைசாலி. ஆற்றங்கரை இலுப்பை மரத்தடியில் பாய்லரை நிறுத்தி, குழாய்களை மாட்டி, நெருப்புப் போட்டு, பம்பை ஓட்டியே காட்டினார். தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுத்தார்.

"இது பாருங்க, ரெண்டு சிலிண்டர். வலது ஒண்ணு, இடது ஒண்ணு. ஒவ்வொண்ணு தலையிலயும் ஒரு வால்வு. வால்வு இந்தப் பக்கம் நகர்ந்தா ஆவி பிஸ்டனை முன்னே தள்ளும், அந்தப் பக்கம் நகர்ந்தா பின்னே தள்ளும். சரி, வால்வை யாரு நகர்த்துறது? அங்கதான் சூட்சுமம். வலது சிலிண்டர்லேர்ந்து ஒரு இரும்புக் கை குறுக்கால போயி இடது வால்வைத் தள்ளும். இடது சிலிண்டரோட கை வந்து வலது வால்வைத் தள்ளும். ஒண்ணு ஓடினாத்தான் இன்னொண்ணுக்கு வழி. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். எல்லாம் தானா நடக்கும்."

பஞ்சநதம் முகம் மாறிவிட்டது. "தானா நடக்குமா?"

"தானா நடக்கும்."

"எவ்வளவு தூரம் நடக்கும்?"

லாசர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு அக்காள் மகள் கல்யாணத்துக்குப் போகிற அவசரம். சனிக்கிழமை வந்துவிடுவதாகச் சொல்லி, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு மூன்று விஷயம் சொன்னார். பஞ்சநதத்திடம், "நெருப்பு குறையாமப் பார்த்துக்குங்க" என்றார். என்னிடம், "பாய்லர்ல கண்ணாடிக் குழாய் இருக்கு பாருங்க, அதுல தண்ணி மட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருங்க" என்றார். கடைசியாக எல்லாருக்கும் பொதுவாக, "வால்வுப் பக்கம் மட்டும் யார் கையும் போகக்கூடாது" என்றார்.

வண்டி திரும்பியதும் முதல் காரியமாக, மாட்டுச் சங்கிலி கொண்டுவந்து இயந்திரத்தை இலுப்பை மரத்தோடு சேர்த்துக் கட்டினோம். தானாக நடக்கிற பொருளை ஆற்றங்கரையில் அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போக நாங்கள் என்ன முட்டாள்களா?

இந்த இடத்தில் அண்ணன் தம்பி விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். அம்மாக்கண்ணுவும் வைரக்கண்ணுவும் பேசி ஏழு வருஷமாகிறது. சம்பந்தி வீட்டில் நடந்த வைரக்கண்ணு மகள் நிச்சயதார்த்தத்துக்கு அண்ணன் வரவில்லை. அண்ணன் வராததால் தம்பிக்கு மனசு விட்டுப்போயிற்று. அண்ணனுக்கோ வேறு ஏதோ மனத்தாங்கல். ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, ஒருவர் கிழக்கு வாசலிலும் ஒருவர் மேற்கு வாசலிலும் குடியிருந்தார்கள். பேசவேண்டி வந்தால் என்னை நடுவில் நிறுத்தி என் வழியாகப் பேசுவார்கள். சங்கத்தில் சண்டை வேண்டாம் என்று பஞ்சநதம் வலது சிலிண்டருக்கு எண்ணெய் விட்டுத் துடைக்கும் பொறுப்பை அண்ணனுக்கும், இடது சிலிண்டரைத் தம்பிக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாக்கண்ணு வந்து தன் சிலிண்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"வேதரத்தினம், அவருகிட்டக் கேளு. அவரு சிலிண்டர் கை என் வால்வுல என்ன பண்ணுது?"

"அதுதான் தள்ளுமாம்" என்றேன் நான்.

"என் வால்வைத் தள்ள அது யாரு? ஏழு வருஷமா நான் அவரு தயவுல ஒரு வெத்திலை போட்டதில்லை."

வைரக்கண்ணுவும் விடவில்லை. "வேதரத்தினம், அவருகிட்டச் சொல்லு. அவரு கையும்தான் என் வால்வுல இருக்கு. நான் வெத்திலை வச்சா கூப்பிட்டேன்?"

பஞ்சநதம் இருவரையும் அமர்த்திவிட்டு யோசித்தார். அவர் யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். சில சமயம் குறட்டையும் வரும். கண்ணைத் திறந்ததும் சொன்னார்: "லாசர் என்ன சொன்னாரு? வால்வுப் பக்கம் யார் கையும் போகக்கூடாதுன்னாரு. இங்க என்னடான்னா ரெண்டு கை போயிருக்கு. அவரு ஊர்லேர்ந்து வந்து பார்த்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாரு?"

நாங்கள் மூவரும் திடுக்கிட்டுப் போனோம். உண்மைதான். குறுக்கே இரண்டு இரும்புக் கைகள், பகிரங்கமாக, வால்வின் மேலேயே கிடந்தன.

"அப்ப ரெண்டையும் கழட்டிடலாமா?" என்றேன்.

"கழட்டிட்டா வால்வை எது தள்ளும்?" என்றார் தலைவர். "யார் கையும்னா அடுத்தவன் கைன்னு அர்த்தம். தன் கை யார் கையும் ஆகாது, தன் கைதான் ஆகும். அதனால வலதோட கை வலது வால்வுக்கு. இடதோட கை இடது வால்வுக்கு. அவனவன் வேலையை அவனவன் பார்த்துக்கட்டும்."

இப்படி ஒரு தீர்ப்பை நாங்கள் கேட்டதே இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். ஆனால் ஸ்பேனரை எடுத்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் எனக்குத்தான் முதலில் வரும். அதனால்தான் மூவரைவிடத் தேவலை என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம கை மட்டும் வால்வுக்கு என்ன சொந்தமா? நாமளும் அடுத்தவங்கதானே?"

தலைவர் என்னைக் கட்டிக்கொண்டார். "நல்லவேளை சொன்னே. கை படக்கூடாது. கால் படலாம்."

ஆகவே காலால் கழற்றினோம். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஸ்பேனரைப் பிடித்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு இரும்புக் கைகளையும் கழற்றி, திருப்பி, அவரவர் வால்வோடு கம்பி போட்டு இறுக்கினோம். நட்டு ஒவ்வொன்றும் ஒரு முறை என் மூக்கில் விழுந்தது. முடிக்கும்போது உச்சிவெயில். அன்றைக்கு ஆற்றில் குளிக்க வந்தவர்கள் குளிக்காமல் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பஞ்சநதம் நெருப்புப் போட்டார். ஆவி ஏறியது. வலது பிஸ்டன் 'பொஸ்' என்று ஒரு சாண் நகர்ந்து, போன கையோடு தன் வால்வைத் தானே அடைத்துக்கொண்டு நின்றது. இடது பிஸ்டனும் 'பொஸ்' என்றது, நின்றது. பிறகு சத்தமே இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் வைரக்கண்ணு.

"அவனவன் வேலையை அவனவன் முடிச்சிட்டான்" என்றார் தலைவர். "இளைப்பாறுதுங்க. இருக்கட்டும்."

இருந்தோம். பஞ்சநதம் நெருப்பு குறையாமல் பார்த்துக்கொண்டார். ஆவி போக இடமில்லாமல் பாய்லர் உச்சியிலிருந்த ஒரு துவாரத்தின் வழியாக உஸ்ஸென்று வெளியேறிக்கொண்டே இருந்தது. நான் கண்ணாடிக் குழாய்க்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. மட்டம் ஒரு விரல் இறங்கியது. பார்த்தேன். இரண்டு விரல் இறங்கியது. அதையும் பார்த்தேன். கடைசியில் குழாயின் அடியில் ஒரு சொட்டு நின்றது. அது போவதையும் விடாமல் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் என் மனைவி குஞ்சிதம் சோற்றுத் தூக்கோடு வந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி மட்டத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"எங்க தண்ணி?"

"அதெல்லாம் போயிடுச்சு. முழுசும் பார்த்துட்டேன்."

குஞ்சிதம் தூக்கைக் கீழே போட்டாள். பஞ்சநதத்தை ஒரு பக்கம் தள்ளினாள். கரி வாரும் கொக்கியை எடுத்து அடுப்பிலிருந்த நெருப்பு முழுவதையும் வெளியே இழுத்து, ஆற்று மணலை வாரி அதன்மேல் கொட்டினாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அம்மா, நெருப்பு குறையக்கூடாதுன்னு பிட்டர் சொல்லியிருக்காரு" என்றார் தலைவர், மரியாதையாக.

"அடுப்புல சட்டி வெறுஞ்சட்டியாக் காஞ்சா விறகை இழுக்கணும்னு எந்தப் பிட்டரும் எனக்குச் சொல்ல வேணாம். இன்னும் கொஞ்ச நாழி போயிருந்தா இந்தச் சட்டி வெடிச்சு, உங்க நாலு பேரையும் அக்கரையில போயிப் பொறுக்கியிருக்கணும்."

"பார்த்துக்கிட்டே இருன்னுதான் சொன்னாரு. ஊத்துன்னு சொல்லலை" என்றேன்.

குஞ்சிதம் என்னை வெகுநேரம் பார்த்தாள். நான் கண்ணாடிக் குழாயைப் பார்த்த மாதிரியே இருந்தது அது. இறங்கிக்கொண்டே போவதைப் பார்க்கிற பார்வை.

புதன்கிழமை பாய்லரை ஆறவிட்டுத் தண்ணீர் நிரப்பினோம். இந்த முறை நிரப்பும் பொறுப்பைக் குஞ்சிதமே எடுத்துக்கொண்டு, கூடவே நான்கு பெண்களையும் அழைத்து வந்திருந்தாள். ஆனால் பம்பு ஓடவில்லை. கொடிக்காலில் கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன. ஆற்றங்கரையில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. ஊரில் எங்களைப் பார்த்து யாரும் சிரிக்காத நாள் என்று ஒன்று அதுவரை வந்ததில்லை.

அன்று மத்தியானம் பஞ்சநதம் கண்ணை மூடி, இந்தத் தடவை குறட்டையில்லாமல் யோசித்தார்.

"வலது ஓடினா இடதுக்கு வழி, இடது ஓடினா வலதுக்கு வழின்னாரே லாசர். அதை நாமளே செஞ்சா என்ன? காலால கம்பியை அவுத்துட்டு வால்வுல கயிறு கட்டுவோம். கயிறுன்னா கை ஆகாது. அம்மாக்கண்ணு, உன் பிஸ்டன் முனைக்கு வந்ததும் தம்பிக்குச் சொல்லு, அவன் தன் வால்வை இழுக்கட்டும். வைரக்கண்ணு, உன்னது முனைக்கு வந்ததும் அண்ணனுக்குச் சொல்லு."

"நான் அவருகிட்டப் பேசமாட்டேனே" என்றார் அண்ணன்.

"வேதரத்தினம் சொல்லுவான்."

அப்படியே செய்து பார்த்தோம். வலது பிஸ்டன் முனைக்கு வரும். அம்மாக்கண்ணு என் பக்கம் திரும்பி, "வந்தாச்சுன்னு அவருகிட்டச் சொல்லு" என்பார். நான் இந்தப் பக்கம் திரும்பி, "வந்தாச்சுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு" என்பேன். வைரக்கண்ணு, "யாரு சொன்னது?" என்பார். "உங்க அண்ணன்." "எனக்கு அண்ணன்னு யாரும் இல்லையே." இதற்குள் ஆவி காத்திருந்து சலித்துப்போய் மேலே உஸ்ஸென்று கிளம்பிவிடும். சாயங்காலம் வரைக்கும் வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீர் விழுந்திருந்தால் அதிகம்.

வியாழக்கிழமை நடுவிலிருந்து என்னை விலக்கிவிட்டு, என் இடத்தில் கயிற்றைக் கட்டினார்கள். அண்ணன் இடுப்பிலிருந்து ஒரு கயிறு குறுக்கே போய்த் தம்பியின் வால்வில். தம்பி இடுப்பிலிருந்து ஒரு கயிறு அண்ணன் வால்வில். எழுந்தால் கயிறு வால்வை இழுக்கும். உட்கார்ந்தால் அது திரும்பி வர எதிர்ப்பக்கம் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். இருவரும் ஒருவருக்கொருவர் பேசவேண்டியதே இல்லை. தன் பிஸ்டன் முன்னே போனால் எழவேண்டும், பின்னே வந்தால் உட்காரவேண்டும். அவ்வளவுதான்.

ஆவி ஏறியது. வலது பிஸ்டன் முன்னே போனது, அண்ணன் எழுந்தார். இடது வால்வு நகர்ந்தது, இடது பிஸ்டன் முன்னே போனது, தம்பி எழுந்தார். அதோடு சரி. இரண்டு பிஸ்டனும் முன்னேயே நிற்க, இருவரும் எழுந்த வாக்கிலேயே நின்றார்கள். எத்தனை முறை செய்தாலும் இதே கதை. கடைசியில் வைரக்கண்ணுவுக்கு முட்டி வலி தாங்கவில்லை. நிற்கவேண்டிய நேரத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

வலது பிஸ்டன் 'பொஸ்' என்று பின்னே வந்தது.

அண்ணன் பதறிப்போய் உட்கார்ந்தார். இடது பிஸ்டன் பின்னே வந்தது. இப்போது உட்காரவேண்டிய தம்பி, ஏற்கனவே உட்கார்ந்திருந்ததால் வேறு வழி தெரியாமல் எழுந்தார். வலது பிஸ்டன் முன்னே போனது. அண்ணன் எழுந்தார்.

தம்பி தப்பாகவே செய்துகொண்டிருந்தார். இயந்திரம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"வைரக்கண்ணு, திருத்திக்காதே!" என்று கத்தினார் பஞ்சநதம். "இதே மாதிரி தப்பாவே செய்! ஆயுசுக்கும் நல்லா இருப்பே!"

குழாய் இருமியது. சேறு வந்தது. ஒரு தவளை வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். கரையிலிருந்த முப்பது குடும்பமும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொடிக்காலுக்கு ஓடியது.

எழுவதும் உட்காருவதுமாக இருவரும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிற மாதிரி ஒரு மணி நேரம் போட்டார்கள். பஞ்சநதம் நெருப்பு குறையாமல் பார்த்துக்கொண்டார். இரண்டாவது மணி நேரத்தில் அம்மாக்கண்ணுவின் முகம் பழுத்த மிளகாய் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் அது நடந்தது.

"மெதுவாடா" என்றார், எழுந்துகொண்டே. "முட்டி போவுது."

ஏழு வருஷத்தில் அவர் தம்பியிடம் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை. என்னைக் காணோமே என்று தேடவில்லை. நேராகவே சொல்லிவிட்டார்.

வைரக்கண்ணுவும் என்னைத் தேடவில்லை. "நான் என்ன பண்றது?" என்றார், உட்கார்ந்துகொண்டே. "நீ எழுந்தாத்தானே எனக்கு ஓடுது."

"நீ உட்கார்ந்தாத்தான்டா எனக்கு ஓடுது."

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. எழும்போது ஒருவர், உட்காரும்போது ஒருவர் என்று ஏழு வருஷமும் வெளியே வர ஆரம்பித்தது.

"என் பொண்ணு நிச்சயத்துக்கு..." பொஸ். "ஏன் வரலை நீ?"

"கூப்பிட்டாத்தானே..." பொஸ். "வருவாங்க!"

"ஆள் அனுப்பினேனே!"

"அனுப்பினே. எப்ப? நிச்சயம் முடிஞ்ச..." பொஸ். "மறுநாள் அனுப்பினே! அவமானப்படுத்தத்தானே!"

"மறுநாளா? காலம்பறவே அனுப்பினேன்!"

"யாரை அனுப்பினே?"

"வேதரத்தினத்தை!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பம்பு நிற்காமல் இருக்க எழுந்தும் உட்கார்ந்தும் பார்த்தார்கள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

"வேதரத்தினம்" என்றார் வைரக்கண்ணு, "அன்னைக்கு உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் எதையும் மறப்பவன் இல்லை. "அண்ணன் சாப்பிட்டு எழுந்ததும் சொல்லுன்னு சொன்னீங்க."

"சொன்னியா?"

"அண்ணன் அன்னைக்குக் கிருத்திகை விரதம். சாப்பிடவே இல்லை. ராத்திரி வரைக்கும் வாசல்லயே உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் காலம்பற நாலு இட்டிலி சாப்பிட்டு எழுந்தாரு. உடனே சொல்லிட்டேன். ஒரு நிமிஷம் தாமதம் பண்ணலை."

'பொஸ்' என்றது இயந்திரம். அந்த ஏழு வருஷத்தையும் அந்தச் சுவரையும் நான் நாலு இட்டிலியால் கட்டியிருக்கிறேன் என்பது மெல்ல எனக்கே உறைத்தது. மூவரைவிடத் தேவலை என்ற எண்ணத்தை அந்த இடத்திலேயே, பாய்லர் பக்கத்திலேயே, இறக்கி வைத்துவிட்டேன்.

அம்மாக்கண்ணுவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. எழுந்து போய்த் தம்பியைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். கயிறு இழுத்தது, வால்வு சிக்கியது.

"உட்காருண்ணே, உட்காரு" என்றார் தம்பி. "தண்ணி நின்னுடும்."

உட்கார்ந்தார். அழுதுகொண்டே எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். விறகு தீர்ந்து ஆவி அடங்கிய பிறகுதான் இருவராலும் கட்டிக்கொள்ள முடிந்தது. அப்போதும் முட்டி மடங்காததால் நின்ற வாக்கிலேயே கட்டிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமையும் இதே மாதிரி ஓட்டினோம். கொடிகள் தலை தூக்கின.

சனிக்கிழமை காலையில் லாசர் கல்யாண வீட்டு அதிரசப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். இலுப்பை மரத்தில் சங்கிலியால் கட்டப்பட்ட இயந்திரத்தைப் பார்த்தார். இடம் மாறிக் கிடந்த இரும்புக் கைகளைப் பார்த்தார். கயிற்றில் கட்டுண்டு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்த இரண்டு பெரியவர்களைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு அதிரசத்தை எடுத்து, முழுதாகத் தின்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"முப்பது வருஷமா எத்தனையோ வால்வு பார்த்திருக்கேன். வேட்டி கட்டின வால்வை இப்பத்தான் பார்க்கிறேன்."

"நீங்க சொன்னது ஒண்ணையும் மீறலை" என்றார் பஞ்சநதம் பெருமையாக. "இன்னைக்கு வரைக்கும் யார் கையும் படலை."

லாசர் கால்மணி நேரத்தில் இரும்புக் கைகளைப் பழையபடி குறுக்காக மாட்டினார். கையால்தான் மாட்டினார். நாங்கள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டோம். பாவம், அவர் சொன்னதை அவரே மீறுகிறாரே. இயந்திரம் ஒழுங்காக ஓடியது. இடது ஓட வலது, வலது ஓட இடது. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒருத்தன் தயவுல ஒருத்தன்" என்றார் அண்ணன். "இதுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்றார் தம்பி.

கொடிக்கால் பிழைத்தது. அந்தப் பருவத்தில் எங்கள் வெற்றிலை நல்ல விலைக்கும் போயிற்று. கதை இங்கே முடிந்திருந்தால் எங்களுக்கு மரியாதையாக இருந்திருக்கும்.

இயந்திரத்தின் முறை அண்ணன் தம்பிக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இனி ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு வழி இருக்கக்கூடாது என்று பேசி, கிழக்கு வாசல் சாவியைத் தம்பி தன் இடுப்பில் முடிந்துகொண்டார். மேற்கு வாசல் சாவியை அண்ணன் முடிந்துகொண்டார். அண்ணன் வீட்டைத் தம்பி வந்து திறப்பார், தம்பி வீட்டை அண்ணன் வந்து திறப்பார்.

ஐப்பசியில் ஒரு நாள், இருவர் மனைவிகளும் ஒரே வண்டியில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள். நல்ல மழை. அண்ணன் கிழக்கு வாசலில் நனைந்துகொண்டு தம்பிக்காகக் காத்திருந்தார். தம்பி மேற்கு வாசலில் நனைந்துகொண்டு அண்ணனுக்காகக் காத்திருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரைத் தேடிக் கிளம்பினார்கள். இருவருமே வலப்பக்கமாகச் சுற்றியதால் வழியில் சந்திக்கவில்லை. மூன்று சுற்று முடிந்தபோது பஞ்சநதமும் நானும் குடையோடு போய்ச் சேர்ந்தோம்.

இருவரையும் ஓரிடத்தில் பிடித்து நிறுத்தினேன். ஏழு வருஷக் கடன் ஒன்று என் தலையில் இருந்தது. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே, என் சொந்தப் புத்தியால் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

"சாவி ரெண்டும் ரெண்டு இடத்துல இருக்கிறதாலதானே சிக்கல்?" என்றேன். "என்கிட்டக் கொடுங்க. ஒரே இடத்துல பத்திரமா வச்சுடறேன்."

கொடுத்தார்கள். கிழக்கு வாசலைத் திறந்து உள்ளே போனேன். கூடத்து ஆணியில் இரண்டு சாவியையும் சேர்த்து மாட்டினேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, பூட்டை அமுக்கினேன். அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற புது மாதிரிப் பூட்டு அது. 'டக்' என்றது.

நான்கு பேரும் ஒரு குடைக்குள் நெருக்கியடித்து நின்று அந்தப் பூட்டைப் பார்த்தோம். பஞ்சநதம் அதை ஒரு முறை இழுத்தார். அசையவில்லை.

"என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்க" என்றார் அவர், மனம் நிறைந்து. "சாவியே இல்லாம பூட்டிக்கிச்சு!"